கடவுச்சொல் யார் கையில்?

தமிழ்நாட்டின் ஆட்சிமொழி தமிழே என்று 1956-இலேயே சட்டம் செய்தாயிற்று. ஆயினும், ஓர் அலுவலகத்துள் தமிழ் நுழையலாமா கூடாதா என்பதை இன்று முடிவு செய்வது சட்டமன்றமன்று. அவ்வலுவலகக் கணினிகளைக் கட்டிக்காக்கும் பொறுப்பாளரே! மிகையென்று கருதுவோர் மேலே படிக்க.

நாமக்கல் பக்கத்துச் சிற்றூரில் ஒரு நெசவாளர் தம் மகளுக்கு 'எழில்' எனத் தொடங்கும் தூயதமிழ்ப் பெயர் சூட்டினார். அவள் என் மாணவி. அவளுக்கு வந்த சான்றிதழில் அது 'எலில்' என்று அச்சாகியிருந்தது. ஆங்கில எழுத்தில் பதிந்த பெயரைப் பொறி தமிழாக்கிய கேடு அது. அழகு எலியாயிற்று! திருத்தக் கோரி அவ்வலுவலகத்திற்குச் சென்றேன். "ஐயா, இந்தக் கணினியில் தமிழ் ஏறாது. விசைப்பலகை சேர்க்கக் கடவுச்சொல் வேண்டும், அது எங்களிடம் இல்லை" என்றார் எழுத்தர். தமிழ்நாட்டு அலுவலகத்தில் தமிழுக்குப் பூட்டு! திறவுகோல் வேறொருவர் இடுப்பில்!

கண்டவரெல்லாம் கண்ட மென்பொருளை ஏற்றாதவாறு பூட்டி வைப்பது முறையே. அதை நாம் குறைகூறவில்லை. ஆனால் தமிழ் என்ன, நச்சு நிரலா? விண்டோசின் இன்றைய பதிப்புகளில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே கிடக்கிறது, இலினக்சிலும் உண்டு. வெளியிலிருந்து எதையும் கொணர வேண்டுவதில்லை. நடுவண் வழங்கியில் பொறுப்பாளர் ஒருமுறை அமைத்துவிட்டால், அவ்வலையில் பிணைந்த நூறு கணினிகளிலும் தமிழ் தோன்றும். ஒருவேளை உழைப்பு! அதைச் செய்யாமைக்குப் பெயர் இயலாமையன்று, மனமின்மை.

பொறிக்குத் தமிழ் பொருந்தாது என்னும் பேச்சை, யாழ்ப்பாணத் தமிழர் இரா. முத்தையா தட்டச்சுப்பொறி ஆக்கி அன்றே பொய்யாக்கினார். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் வழியே தமிழ்99 தரமாயிற்று. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். முப்பத்தொரு விசைகளில் 247 எழுத்தும் அடக்கம். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் நம் இலக்கணமே அவ்விசைப்பலகை! எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு மாறி, ஓரிடத்து மடல் இன்னோரிடத்தில் சிதைந்து தோன்றிய இழிநிலைக்கும் மருந்து வந்தது. 2010-இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்று அரசாணை பிறந்தது. சட்டம் உண்டு, தரம் உண்டு, கருவி உண்டு. இல்லாதது தன்மானமே.

நாம் கேட்பன மூன்று. அரசு அலுவலகக் கணினி ஒவ்வொன்றிலும் தமிழ்99-உம் ஒருங்குறி எழுத்துருவும் தொடக்கத்திலேயே அமைதல் வேண்டும். கணினிப் பொறுப்பாளரை அமர்த்துங்கால் தமிழ்த் தட்டச்சும் தகுதியாதல் வேண்டும். பெயர்களைத் தமிழிலேயே முதற்கண் பதிதல் வேண்டும். ஆங்கிலம் பின்னே வரட்டும்.

பிறரை மட்டும் குற்றஞ்சாட்டிப் பயனில்லை. கைப்பேசியில் 'வணக்கம்' என்பதையும் ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழாசிரியரை நான் அறிவேன். முதலில் நம் விரல்கள் தமிழ் பயிலட்டும். பின்னர், அலுவலகப் படியேறிக் கேளுங்கள்: "எங்கள் மொழியின் கடவுச்சொல் உங்களிடம் ஏன் இருக்கிறது?" விடை கிடைக்கும்வரை படியிறங்காதீர்கள்!