நாவிற்குத் துணை நிற்பார் யார்?

பேச்சுக் குறைபாடுடைய பிள்ளைகளுக்குத் தொலைவிலுள்ள சிகிச்சையாளர் இணையத்தின் வழியாகப் பாடசாலையிலேயே பயிற்சி அளிக்கலாம் என்னும் கருத்து இக்காலத்தில் உலகெங்கும் வலுப்பெற்று வருகின்றது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய வன்னி மாவட்டங்களுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பதை ஒரு தமிழாசிரியனின் நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் கருத்து.

வகுப்பறையின் கடைசி வாங்கில் வாய் திறவாது அமர்ந்திருக்கும் பிள்ளையை அறியாத ஆசிரியர் இலர். ஒரு பிள்ளைக்குச் சொல் தொடக்கத்திலேயே திக்கும். ஒரு பிள்ளைக்குப் பிறவியிலேயே அண்ணம் பிளவுபட்டிருக்கும். இன்னொரு பிள்ளைக்குச் செவி சரியாகக் கேளாது. வேறொரு பிள்ளை ஓட்டிசம் காரணமாகப் பிறரோடு உரையாட இடர்ப்படும். காரணங்கள் பல. ஊர் இடும் பெயர்களோ இரண்டே: கொன்னை, மந்தம். பெயர் இட்டபின் வினா கேட்பாரும் இல்லை. விடை எதிர்பார்ப்பாரும் இல்லை. வாசிப்பும் எழுத்தும் பேச்சின்மேற் கட்டப்படுவன ஆதலால், நாவிற் பட்ட தடை நாளடைவிற் கல்வி முழுவதையும் தடுத்துவிடுகின்றது.

இதற்கு மருந்து நாட்டில் இல்லையா எனின், உண்டு. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் 1997 இல் பேச்சு மொழிச் சிகிச்சைக்கான டிப்ளோமாப் பயிற்சி தொடங்கிற்று. 2008 இல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. வடக்கே செல்லும் புகைவண்டி றாகமையைத் தாண்டியே கிளிநொச்சியை அடைகின்றது. ஆயினும் அங்கே பயின்றோருள் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மிகச் சிலரே. துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ கூலித்தொழில் செய்யும் தாய், கிழமைதோறும் பிள்ளையை அழைத்துக்கொண்டு தொலைவிலுள்ள மருத்துவமனைக்குச் செல்வாளாயின், ஒரு நாட் கூலியையும் பயணச் செலவையும் இழப்பாள். இச்சிகிச்சையோ ஒரு முறை சென்று மருந்து வாங்கி வருவதன்று. பல மாதம் இடைவிடாது பயில வேண்டுவது. இந்நிலையிலேதான் தொலைவழிச் சிகிச்சை நம் கவனத்தைக் கவர்கின்றது.

அமெரிக்கப் பேச்சு மொழி செவிப்புலச் சங்கம் 2005 ஆம் ஆண்டிலேயே இம்முறையைத் தக்கதென ஏற்றுக்கொண்டது. அவுஸ்திரேலியாவில், நகரங்களுக்கு நெடுந்தொலைவிலுள்ள நாட்டுப்புறப் பிள்ளைகளின் நலத்துக்கென 1924 இல் தோன்றிய றோயல் ஃபார் வெஸ்ற் என்னும் நிறுவனம், சிட்னியிலிருந்து காணொளி வழியாகக் கிராமப் பாடசாலைகளுக்கு இச்சிகிச்சையை அளித்து வருகின்றது. அங்கே நாம் கருத்திற் கொள்ள வேண்டியது கருவியை அன்று. திரையின் முன் பிள்ளை தனியே விடப்படுவதில்லை. பாடசாலையைச் சேர்ந்த ஒருவர் அருகே அமர்ந்து துணை செய்கின்றார். இம்முறையின் உயிர்நாடி அத்துணையே.

ஏன் எனக் காட்டுவல். ஆறு வயதிலும் 'காக்கா' என்பதைத் 'தாத்தா' என்று ஒரு பிள்ளை சொல்லுமாயின், அது குறும்பன்று. தொல்காப்பியர் பிறப்பியலில் தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களைச் சுட்டி, ககரம் அடிநா அடியண்ணத்தைச் சேர்தலாற் பிறக்கும் என்றும், தகரம் நாநுனி பரந்து பல்லின் அடியைப் பொருந்துதலாற் பிறக்கும் என்றும் வகுத்தார். அப்பிள்ளையின் நா பின்னே எழ வேண்டிய இடத்தில் முன்னே செல்கின்றது என இன்றைய சிகிச்சையாளர் கூறுவதும் அதுவே. ஆனால் சிறு திரையில் நாவின் அடி தெரியாது. கண்ணாடியைக் காட்டவும், இருக்கையைத் திருத்தவும், கிழமை முழுவதும் அப்பயிற்சியைத் தொடரவும் அருகிலுள்ள ஆசிரியராலேயே இயலும்.

மற்றொன்று மொழி. ஆங்கிலப் பிள்ளைகளுக்கென ஆக்கிய சோதனையைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி அளந்தால் அளவு பிழைக்கும். தமிழ்ப் பிள்ளையின் மொழி வளர்ச்சி வேற்றுமை உருபிலும் வினைமுற்றின் விகுதியிலும் விளங்குவது. பனிமழைப் படத்தைப் பார்த்து மௌனம் சாதிக்கும் பிள்ளை, குளக்கட்டையும் மண்வெட்டியையும் உழவு இயந்திரத்தையும் கண்டால் வாய் திறக்கும். மேலும், 'வாழைப்பழம்' என்பதை 'வாளைப்பளம்' என்றல் இந்நாட்டுப் பேச்சு வழக்கு, இலக்கணத்திற்கு அது வழுவாகலாம், நோயாகாது. வழக்கு எது, குறை எது என வேறுபடுத்தத் தமிழாசிரியரும் சிகிச்சையாளரும் கூடியிருந்து ஆராய்தல் வேண்டும்.

நிற்க. இம்முறைக்கு எல்லையும் உண்டு. செவிச் சோதனையும் வாயின் உட்புறத்தை ஆராய்தலும் நேரிலேயே முதலிற் செய்யத்தக்கன. இணைப்பு அறுந்து அறுந்து வருமிடத்து ஒலிப் பயிற்சி பயன்தராது. 2020 இல் தொற்றுநோயாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இணையவழிக் கல்வி கருவியுள்ளோர்க்கும் இல்லார்க்கும் இடையிலிருந்த பள்ளத்தை ஆழமாக்கியதைக் கண்டோம். அதே பள்ளத்தை இங்கும் வெட்டலாகாது. திரை உண்டெனச் சொல்லி, வன்னி மருத்துவமனைகளுக்கு ஆள் நியமிக்காது விடுவதும் தகாது. தொலைவழி என்பது பாலமே. அக்கரையில் ஆள் இல்லையேற் பாலத்தாற் பயன் என்னை?

ஆதலால், ஒவ்வொரு கல்வி வலயத்திலும் சில ஆசிரியருக்கேனும் இத்துணைப் பயிற்சி அளித்தல் வேண்டும்; அதற்குரிய நேரத்தைப் பாட அட்டவணையிலேயே ஒதுக்குதல் வேண்டும்; பாடசாலைதோறும் ஓசையற்ற சிற்றறை ஒன்று வேண்டும்; உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் நம் மாணவருக்கு இத்துறையை எடுத்துரைத்தல் வேண்டும். இவற்றுட் பல பெரும்பொருள் வேண்டுவன அல்ல. ஒரு பிள்ளை தன் பெயரைத் தடையின்றித் தானே சொல்லுதல் சிறு செய்தி போலத் தோன்றலாம். அப்பிள்ளைக்கோ அது பிற பிள்ளைகளோடு ஒப்பத் தானும் அவையில் எழுந்து நிற்கும் உரிமையாகும். அவ்வுரிமைக்குத் துணை நிற்றல் மொழி கற்பிக்கும் நம்மனோர்க்கு முதற் கடன்.