நிற்கும் வண்டியும் ஓடும் வண்டியும்

பொறியியல் விசையியலை நிலையியல், இயக்கவியல் என இரு கூறாகப் பகுத்துக் கற்பித்தல் நெடுநாளைய வழக்கம். நெம்புகோலின் சமநிலையை ஆர்க்கிமிடீஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்தார். நியூட்டனின் இயக்க விதிகள் 1687-இல்தான் நூலாக வெளிவந்தன. வரலாற்றில் முன்பின்னாகத் தோன்றிய இவ்விரண்டும் பாடநூலிலும் தொடர்பற்ற இரு பகுதிகளாகவே நிற்கின்றன. இதனால், நிற்கும் பொருளின்மீது விசையே இல்லை என்னும் பிழையான எண்ணம் மாணவர் உள்ளத்தில் வேரூன்றிவிடுகிறது. தேர்வுத்தாளில் இப்பிழைக்குச் சில மதிப்பெண்கள் குறையும். பணிக்களத்திலோ உயிர்களே பலியாகக்கூடும்.

புனே நகரின் கிழக்கே, சோலாப்பூர்ப் பாதையிலிருந்து மிரஜ் பாதை பிரியும் இடம் கோர்படி. டீசல் என்ஜின் ஷெட்டும் யார்டும் அமைந்த இத்தகைய இடங்களே விசையியலின் சிறந்த ஆய்வுக்கூடங்கள் எனலாம். நிலைய யார்டுகளின் சரிவு 400-க்கு 1 என்னும் அளவை மிகலாகாது என்பது இந்திய ரயில்வேயின் பொதுவிதி. கண்ணுக்குச் சமதரையாகவே தோன்றும் அச்சரிவில் 80 டன் எடையுள்ள சரக்கு வண்டி ஒன்று நின்றால், அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை 200 கிலோகிராம் எடைக்குச் சமம். எதிர்ப்பு விசை இதற்கு ஈடாக இருக்கும்வரை வண்டி நிற்கும். உருளைத் தாங்கிகள் பொருத்திய வண்டிகளில் சுழல் உராய்வு குறைவாதலின், ஒருமுறை நகரத் தொடங்கிய வண்டி மீண்டும் தானே நிற்கும் என எதிர்பார்த்தல் தகாது. தடையின்றி 200 மீட்டர் உருண்டால், அது அரை மீட்டர் உயரத்திலிருந்து 80 டன் வீழ்வதற்கு ஒப்பான ஆற்றலுடன் மோதும்.

புனேயிலிருந்து மும்பை செல்லும் வழியில், 1863-இல் திறக்கப்பட்ட போர்காட் மலைப்பாதையில் சரிவு 37-க்கு 1 வரை கடுமையாகிறது. 1000 டன் வண்டித்தொடரை அங்கே நிறுத்திவைக்க ஏறத்தாழ 27 டன் எதிர்விசை வேண்டும். தொடரின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாங்கும் சக்கரங்களுக்கு மட்டுமே பிரேக் இடப்பட்டதாகவும், மழையில் நனைந்த தண்டவாளத்தின் உராய்வுக் குணகம் 0.1 எனவும் கொள்வோம். அச்சக்கரங்கள் தரக்கூடிய பிடிப்பு 10 டன் மட்டுமே, தொடர் நில்லாது. எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் இட்டால் பிடிப்பு 100 டன், தொடர் அசையாது. பிடிப்பு முற்றிலும் தவறி, வேறு எதிர்ப்பும் இல்லையெனில், ஒரு கிலோமீட்டருக்குள் அதன் வேகம் மணிக்கு 83 கிலோமீட்டரை எட்டும். கட்டுப்பாடிழந்து ஓடிவரும் வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்தும் கிளைத்தடங்களை அப்பாதையில் அமைத்ததற்குக் காரணம் இதுவே.

எத்தனைச் சக்கரங்களுக்குப் பிரேக் வேண்டும் என்பது நிலையியற் கணக்கு. தவறினால் என்ன நேரும் என்பது இயக்கவியற் கணக்கு. முன்னதில் நேரும் பிழையே பின்னதன் தொடக்கம். ஆகவே இரண்டையும் ஒரே பாடமாகக் கற்பித்தலே முறை. சாய்பலகை, சிறு வண்டி, வில்தராசு ஆகிய மூன்றும் இதற்குப் போதும். வண்டியை வில்தராசில் பிணைத்துப் பலகையில் நிறுத்தி, அது நிற்கும்போதே தராசின் முள் காட்டும் அளவை மாணவர் படித்தறியச் செய்க. பிறகு பிணைப்பை அவிழ்த்து ஓட்டத்தை அளக்கச் செய்க. களப்பணியாளரும், வண்டி நிற்கிறது என்பதைக் கண்டு அமையாது, அதனை நிறுத்திவைத்திருப்பது எது, அது போதுமானதா என்று வினவிய பின்னரே அவ்விடம் விட்டு அகலுதல் வேண்டும்.