புத்தகத்தை மூடி வரைவோம்

தேர்வு நெருங்கும் காலத்தில் இடைநிலைப்பள்ளி வகுப்பறைச் சுவர்களைச் சிந்தனை வரைபடங்கள் நிறைப்பது வழக்கம். மலேசியாவில் 2012ஆம் ஆண்டில் ஐ-திங்க் திட்டம் தொடங்கப்பட்டது முதல் குமிழி வரைபடம், மர வரைபடம், பால வரைபடம் முதலிய எட்டு வகை வரைபடங்கள் மாணவர்களுக்கு நன்கு பழகிவிட்டன. ஆயினும், அவற்றுள் பல பாடநூலைப் பார்த்து எழுதப்பட்டவையே. அவற்றில் வண்ணம் மிகுதி, சிந்தனை குறைவு. வரைபடம் மீள்பார்வைக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமானால், மாணவர்கள் புத்தகத்தை மூடிவிட்டுக் குழுவாக அதை உருவாக்க வேண்டும்.

இக்கருத்துக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்களான கார்ப்பிக்கியும் பிளண்டும் 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதில் ஒரு பிரிவினர் பனுவலைப் பார்த்துக் கருத்து வரைபடம் வரைந்தனர். மற்றொரு பிரிவினர் பனுவலை வாசித்தபின், அதைப் பார்க்காமல் நினைவிலிருந்தவற்றை எழுதினர். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் இரண்டாம் பிரிவினரே சிறந்து விளங்கினர். இதனால் வரைபடம் பயனற்றது என்று முடிவு செய்துவிடக்கூடாது. பார்த்து வரைவது கைக்கு வேலை. நினைவுகூர்ந்து வரைவதே மூளைக்கு வேலை.

வரலாற்றுப் பாடத்தில், 1511ஆம் ஆண்டில் மலாக்கா போர்த்துகீசியரிடம் வீழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். பல்நிலை நிரலொழுங்கு வரைபடத்தில் நிகழ்வு நடுவிலும், காரணங்கள் இடப்புறத்திலும், விளைவுகள் வலப்புறத்திலும் அமையும். ஒரு மாணவர் வாசனைப் பொருள் வாணிகத்தைக் கைப்பற்றும் போர்த்துகீசியரின் நோக்கத்தை எழுதுவார். இன்னொருவர் பெண்டஹாரா துன் முத்தாஹிர் கொல்லப்பட்டதையும் பிரபுக்களிடையே நிலவிய பிளவையும் நினைவூட்டுவார். மூன்றாமவர் ஜொகூர் ஆட்சியின் தோற்றத்தை விளைவாகச் சேர்ப்பார். உட்பூசல் மட்டுமே வீழ்ச்சிக்குப் போதுமான காரணமா என்ற விவாதமும் எழும். குறிப்பேட்டில் இரு செய்திகள் தொடர்பின்றி அடுத்தடுத்து இருக்கலாம். வரைபடத்திலோ அம்புக்குறி போடுபவர் அதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். அந்த விளக்கத்தில்தான் கற்றல் நிகழ்கிறது.

ஆனால், குழு வரைபடத்தில் ஒருவர் வரைய, மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்று சிலர் கூறுவர். தவறான தகவல்கள் பரவும் என்பதும், பாடத்திட்டத்தை முடிக்கவே நேரம் போதாது என்பதும் அவர்களின் கவலை. இவை நியாயமானவையே. எனினும், இவற்றுக்கு வழி உண்டு. முதல் ஐந்து நிமிடங்கள் ஒவ்வொருவரும் தனியே வரையட்டும். பின்னர், ஆளுக்கொரு நிற எழுதுகோலுடன் மாஜோங் தாளில் ஒன்றிணைக்கட்டும். யார் பங்களித்தார், யார் பங்களிக்கவில்லை என்பதை நிறமே காட்டிவிடும். அடுத்து, குழுக்கள் தாள்களை மாற்றிக்கொண்டு பிழைகளைச் சுட்டலாம். இறுதியில் புத்தகத்தைத் திறந்து, விடுபட்டவற்றைச் சிவப்பு மையால் நிரப்பி, ஆசிரியரின் திருத்தத்தையும் பெறலாம். அன்றிரவு எதைப் படிக்க வேண்டும் என்பதை அந்தச் சிவப்பு மையே சொல்லும். எல்லாவற்றையும் மறுபடியும் வாசிப்பதில் வீணாகும் நேரத்தைவிட இதற்குச் செலவாகும் நேரம் குறைவுதான்.

அதே வேளையில், வரைபடம் எல்லாவற்றுக்கும் மருந்தன்று. கணிதத்திற்குப் பயிற்சிக் கணக்குகள் தேவை. கட்டுரைக்கு எழுதிப் பழக வேண்டும். கருத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் வரலாறு, அறிவியல், இலக்கியம் போன்ற பாடங்களுக்கே இம்முறை மிகவும் பொருந்தும்.

ஆகவே, குறையில்லாத அழகிய வரைபடத்திற்கு மட்டும் பாராட்டு வழங்கும் பழக்கம் மாற வேண்டும். வெற்றிடமும் திருத்தமும் நிறைந்த வரைபடம், மாணவர் தம் அறியாமையை அறிந்துகொண்டதற்கு அடையாளம். ஊர் கூடினால்தான் தேர் நகரும். வகுப்பே கூடி நினைவுகூர்ந்தால் பாடம் மனத்தில் நிலைக்கும்.