காற்றாலையும் தேய்மானக் கணக்கும்

போன லீவில் செங்கலிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு கல்யாணத்துக்குக் காரில் போனோம். களியக்காவிளை, நாகர்கோவில் தாண்டி ஆரல்வாய்மொழி வந்ததும் ஆடிக்காற்று காரையே அசைத்தது. ரோட்டோரமெல்லாம் முப்பந்தல் காற்றாலைகள். மஸ்கட்டில் வளரும் என் மகள் கேட்டாள், "இவ்வளவு காத்து அடிக்குதே, அந்தச் சின்னது மட்டும் ஏன்ப்பா சுத்தல?"

பி.காம் படித்தவன் பதில் இதுதான். 1990-களில் காற்றாலை வைத்தவர், போட்ட பணம் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். சலுகை காற்றாலையை நட்டதற்கு. மின்சாரம் தந்ததற்கு அல்ல. உற்பத்தியான யூனிட்டுக்கு மத்திய அரசின் ஊக்கத்தொகை 2009-ல்தான் வந்தது. நல்ல காற்றடிக்கும் இடங்களில் இன்றும் பழைய சின்ன இயந்திரங்கள் நிற்கின்றன. அவற்றை மாற்ற 2024-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே கொண்டுவர வேண்டியிருந்தது.

அந்தச் சலுகை தப்பு என்று சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் முப்பந்தல் இவ்வளவு வளர்ந்திருக்காது. ஆனால் 2070-க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகர பூஜ்யமாக்குவோம் என்று 2021-ல் கிளாஸ்கோவில் வாக்குக் கொடுத்திருக்கிறோம். ஏறக்குறைய ஐம்பது வருஷக் கடன். கடைசித் தேதியை மட்டும் எழுதி எந்த வங்கியும் கடன் கொடுக்காது. நடுவில் தவணை வேண்டும், வருஷாவருஷம் கணக்கு பார்க்க வேண்டும். எத்தனை மெகாவாட் நட்டோம் என்பதல்ல, எத்தனை யூனிட் வந்தது என்பதே கணக்கு.

மொட்டைமாடி சோலாருக்கு 78,000 ரூபாய் வரை மானியம் என்று 2024-ல் மத்திய அரசு அறிவித்தது. ஊரில் பூட்டிக் கிடக்கும் நம் வீடுகளிலும் பேனல் ஏறும். அதைத் துடைக்க ஆள் வைத்தாச்சா? போடுவதற்கு முன் யோசியுங்க மக்களே.