கணினி கண் விழிக்க மறுத்தால்...

வீட்டிலுள்ள மின்விசிறியோ வானொலிப் பெட்டியோ பழுதுபட்டால் நாம் அதன் விலையை எண்ணி வருந்துகிறோம். மேசைக் கணினி பழுதுபட்டாலோ வருத்தம் விலையோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளைகளின் பாடக் குறிப்புகள், வீட்டுக் கணக்குகள், கடல் கடந்து வாழும் உறவினரின் திருமணப் படங்கள் முதலிய யாவும் அப்பெட்டியினுள்ளே அடைபட்டுக் கிடக்கின்றன. பொத்தானை அழுத்துகிறோம், விளக்கு ஒளிரவில்லை, விசிறி சுழலவில்லை, திரை இருண்டே கிடக்கிறது. அப்பொழுது வீட்டார் கொள்ளும் கலக்கத்தை அனுபவித்தவர்களே அறிவர்.

மலையகத்து வாசகர் ஒருவர் இத்தகைய கலக்கத்துடனேயே எமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இடி மின்னலுடன் மழை பெய்த ஓர் இரவின் பின்னர் அவர் வீட்டுக் கணினி இயங்கவில்லையாம். திருத்துநர் ஒருவர் வந்து, பெட்டியைத் திறந்து ஒருமுறை நோக்கிவிட்டு, "தாய்ப்பலகை எரிந்துவிட்டது; புதிய கணினி வாங்குவதே நலம்" என்று கூறிச் சென்றாராம். மகள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். அவளுடைய இரண்டாண்டு உழைப்பு முழுவதும் அதற்குள் இருக்கிறது. "எல்லாம் போய்விட்டது என்று கொள்வதா?" என்பதே அவரது வினா.

கடிதத்தை மட்டும் கொண்டு பழுது இன்னதென நிர்ணயிக்க எம்மால் இயலாது. ஆயினும் இரண்டு விடயங்களை உறுதியாகக் கூறலாம். கணினி இயங்காமையும் அதிலுள்ள ஆவணங்கள் அழிதலும் ஒன்றல்ல என்பது முதலாவது. ஆவணங்கள் வன்தட்டிலே உள்ளன. பெட்டி இயங்காவிடினும் தட்டைக் கழற்றி வேறொரு கணினியுடன் இணைத்து அவற்றைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளலாம். தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருந்தால் மட்டும் அதற்குரிய மீட்புச் சாவி வேண்டும். மின்வழங்கியை அளந்து பாராமல் தாய்ப்பலகைமீது பழி சுமத்துதல் முறையன்று என்பது இரண்டாவது. இன்று நாம் விரித்துரைக்க விரும்புவது இதனையே.

பொத்தானை அழுத்தும்போது நிகழ்வது யாது?

கடைக்காரர்கள் பவர் சப்ளை என்று வழங்கும் மின்வழங்கியானது, கணினியின் பின்புறத்தே சொந்த விசிறியோடு அமைந்துள்ள உலோகப் பெட்டியாகும். எமது நாட்டில் சுவரிலிருந்து வருவது 230 வோல்ற்று ஆடலோட்டம். செக்கனுக்கு 50 சுழற்சி உடையது. கணினிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டம். மின்வழங்கி முதலில் ஆடலோட்டத்தை ஏறத்தாழ 325 வோல்ற்று நேரோட்டமாக மாற்றுகிறது. பின்னர் அதனைச் செக்கனுக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி, ஒரு சிறிய நிலைமாற்றியினூடாகச் செலுத்திக் குறைக்கிறது. இவ்வளவு விரைவாக வெட்டுவதனாலேயே கனமான பெரிய நிலைமாற்றி தேவையற்றுப் போயிற்று.

இனி, மாணவர் நன்கு மனத்திற் கொள்ளவேண்டிய உண்மையொன்றுண்டு. கணினியின் முகப்பிலுள்ள பொத்தான் மின்விளக்கின் ஆளியைப் போன்றதன்று. அது ஒரு விண்ணப்பம் மாத்திரமே. இன்ரெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டு வெளியிட்ட ஏ.ரி.எக்ஸ். என்னும் நியமத்தின்படி, கணினி உறங்கும்போதும் மின்வழங்கி ஊதா நிறக் கம்பி வழியாக 5 வோல்ற்றை இடையறாது தாய்ப்பலகைக்கு அளித்துக்கொண்டிருக்கும். பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகை பச்சைக் கம்பியைப் பூச்சிய வோல்ற்றுக்குத் தாழ்த்தி, "எழுக" என்று மின்வழங்கிக்கு அறிவிக்கிறது. மின்வழங்கி எழுந்து, தன் வோல்ற்றளவுகள் யாவும் செவ்வையாக உள்ளன எனக் கண்டபின், 100 முதல் 500 மில்லிசெக்கனுக்குள் சாம்பல் நிறக் கம்பி வழியாக "யாவும் நலம்" என்று மறுமொழி கூறுகிறது. அம்மொழி கேட்ட பின்னரே கணினியின் மூளையாகிய மத்திய முறைவழி அலகு தன் வேலையைத் தொடங்கும்.

இச்சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வெளியே தோன்றுவது ஒரே காட்சிதான்: இருண்ட திரை. ஆகவே காட்சியைக் கண்டு தீர்ப்புக் கூறாது, கண்ணி கண்ணியாகத் தேடுவதே அறிவுடைமையாகும்.

சுவரிலிருந்து தொடங்குக

தேடலைச் சுவரில் தொடங்கி உள்நோக்கிச் செல்லுதல் வேண்டும். கணினி செருகப்பட்ட அதே துளையில் மேசை விளக்கொன்றைச் செருகிப் பாருங்கள். நீட்டிப்புப் பலகையோ யூ.பீ.எஸ். சாதனமோ இடையில் இருப்பின், அதனை நீக்கிவிட்டு நேரே சுவரிற் செருகிப் பாருங்கள். சதுர ஊசிகளுடைய 13 அம்பியர் பிளக்கினுள்ளே சிறிய பியூஸ் ஒன்று இருக்கும், அது எரிந்திருக்கலாம். கணினிக்கு வரும் கறுப்பு வடமும் திரைக்கு வரும் வடமும் பெரும்பாலும் ஒரே வகையின. அவ்வாறாயின் இரண்டையும் மாற்றிச் செருகிப் பார்த்தால் வடத்தின் குற்றம் ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும், செலவு எதுவுமில்லை.

மின்வழங்கியின் பின்புறத்திலேயே தனி ஆளி ஒன்றுண்டு. கூட்டித் துடைக்கும்போது கைபட்டு அது அணைந்திருத்தல் அரிதன்று. பழைய மின்வழங்கிகளில் 115, 230 என்று குறிக்கப்பட்ட சிறிய சிவப்பு வழுக்காளி ஒன்றும் காணப்படும். அது எம் நாட்டில் எப்பொழுதும் 230இலேயே இருத்தல் வேண்டும். 115இல் வைத்து மின்சாரம் கொடுத்தால் பெருஞ் சத்தத்துடன் மின்வழங்கி வெடித்துப் பழுதாகிவிடும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இதனைச் சற்றுக் கவனிக்க.

இடியின் பின்னரோ மின்வெட்டின் பின்னரோ கணினி எழவில்லையெனில் மற்றொரு முயற்சியும் உண்டு. மின்வழங்கி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுச் சில வேளைகளில் தானே பூட்டிக்கொள்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டு, முகப்புப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, பத்து நிமிடம் சென்றபின் மீண்டும் செருகினால் அப்பூட்டு விடுபட்டுக் கணினி எழுதல் கூடும். மலையகத்து அன்பர் புதிய கணினிக்குப் பணம் தேடுமுன் இதனை ஒருமுறை செய்து பார்ப்பாராக.

குறிகளை நோக்குதல்

மருத்துவர் நாடி பார்ப்பது போல நாமும் குறிகளை நோக்கவேண்டும். ஒரு விளக்கும் ஒரு சத்தமும் இன்றிக் கிடந்தால், மின்சாரம் வரவில்லை, அல்லது மின்வழங்கி பழுது, அல்லது பொத்தானின் கட்டளை தாய்ப்பலகைக்குச் சென்று சேரவில்லை எனக் கொள்ளலாம். விசிறி ஒருகணம் அசைந்து உடனே நின்றால், எங்கோ குறுஞ்சுற்று ஏற்பட்டு மின்வழங்கி அஞ்சி நிற்கிறது. அல்லது சுமையைத் தாங்க அதற்கு வலு இல்லை. விசிறிகள் இடையறாது சுழன்றும் திரை இருண்டிருந்தால் நினைவகத்தையும் திரைக்குச் செல்லும் வடத்தையும் முதலில் நோக்குக. ஆயினும் விசிறி சுழல்வதனாலேயே மின்வழங்கி குற்றமற்றது எனத் துணிதல் கூடாது. 12 வோல்ற்று இருந்தால் விசிறி சுழலும், 3.3 வோல்ற்று இல்லாமையை அது எமக்குச் சொல்லாது. நன்றாக இயங்கிய கணினி, பெரிய வேலை கொடுக்கும்போது மாத்திரம் திடீரென அணைந்து எழுந்தால், மின்வழங்கியின் வலுக்குறைவையோ உள்ளே சேர்ந்த வெப்பத்தையோ சந்தேகிக்கலாம்.

பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்க்க விரும்புவோர் முதலில் பிளக்கைக் கழற்றுக. பின்னர் வெறும் உலோகச் சட்டத்தைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னைப் போக்குக. 24 ஊசிகளுடைய பெரிய இணைப்பியும், முறைவழி அலகுக்கு அருகே 4 அல்லது 8 ஊசிகளுடைய சிறிய இணைப்பியும் ஆழப் பதிந்துள்ளனவா என்று அழுத்திப் பார்க்க. சிறியதை மறந்துவிட்டால் விசிறி சுழலும், கணினி எழாது. தாய்ப்பலகையில் நிற்கும் உருளை வடிவக் கொள்ளளவிகளின் தலை தட்டையாக இருத்தல் வேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால் அவை நோயுற்றவை. மீண்டும் பிளக்கைச் செருகியதும் தாய்ப்பலகையில் ஒரு சிறு விளக்கு ஒளிர்ந்தால், உறக்கநிலை 5 வோல்ற்று வந்து சேர்கிறது என்பது பெறப்படும். ஆனால் எல்லாப் பலகைகளிலும் அவ்விளக்கு இருப்பதில்லை.

பலகை உயிருடன் இருந்தும் பொத்தானுக்குச் செவிசாய்க்கவில்லையெனில், பொத்தானே தேய்ந்திருக்கலாம். அதன் மெல்லிய கம்பிகள் வந்து பொருந்தும் இரு ஊசிகளையும் திருப்புளி முனையால் ஒருகணம் ஒன்றாகத் தொடும்போது கணினி எழுந்தால் குற்றவாளி பொத்தானே. நாம் கற்பிக்கும் கல்லூரியின் கணினிக் கூடத்தில், கழித்துவிடுமாறு எழுதி ஒதுக்கப்பட்ட கணினியொன்று இவ்வாறு எழுந்ததை மாணவரோடு கண்டிருக்கிறோம்.

அளவே சாட்சி

இதற்கு மேல் மல்ரிமீற்றர் எனப்படும் பல்மானி வேண்டும். அதனை நேரோட்ட 20 வோல்ற்று அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்புக் கம்பியிலும் சிவப்பு முனையை ஏனைய கம்பிகளிலும் வைத்து அளத்தல் வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருந்து இதனைச் செய்க; ஊசிமுனைகள் ஒன்றையொன்று தொடாதிருக்கட்டும்.

கணினி அணைந்திருக்கும்போது ஊதாக் கம்பியில் 5 வோல்ற்று இருத்தல் வேண்டும். சுவரில் மின்சாரம் இருந்தும் அது இல்லையெனில், இணைப்பியைப் பலகையிலிருந்து கழற்றி மீண்டும் அளக்க. அப்பொழுதும் இல்லையெனில் மின்வழங்கியே பழுது. பச்சைக் கம்பியில் சில வோல்ற்றுகள் இருந்து, பொத்தானை அழுத்தியதும் பூச்சியத்துக்கு அண்மையில் வீழ்தல் வேண்டும். வீழ்ந்தும் மின்வழங்கி எழவில்லையெனில் குற்றம் மின்வழங்கியில், அல்லது அதற்கு அப்பாலுள்ள குறுஞ்சுற்றில். வீழாவிடில் பொத்தானையும் தாய்ப்பலகையையும் ஆராய்க.

கணினி எழுந்தால் மஞ்சட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரையும், செம்மஞ்சளில் 3.14 முதல் 3.47 வரையும் வோல்ற்றளவு இருத்தல் தகும். சாம்பற் கம்பியில் ஏறத்தாழ 5 காணப்படும். சில புதிய மின்வழங்கிகளில் கம்பிகள் யாவும் கறுப்பாகவே உள்ளன. சில நிறுவனங்கள் தமக்கெனத் தனி இணைப்பிகளையும் அமைத்துள்ளன. அவ்விடத்து நிறத்தை நம்பாமல் உரிய வரைபடத்தைப் பார்த்தே அளக்கவேண்டும்.

அளவு யாவும் சரியாயிருந்தும் சந்தேகம் தீராவிடில், நன்றாக இயங்கும் வேறொரு மின்வழங்கியை இணைத்துப் பார்ப்பதே இறுதிச் சோதனை. ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. மின்வழங்கி, நினைவகம், வடம் என மூன்றையும் ஒருங்கே மாற்றினால் கணினி எழலாம். ஆனால் எது குற்றவாளி என்பது தெரியாது, பணம் மூன்றுக்கும் செலவாகும்.

திறக்கக் கூடாத பெட்டி

இவ்வளவும் கூறிய நாம், ஒன்றை வற்புறுத்தித் தடுக்கவேண்டியவராயிருக்கிறோம். மின்வழங்கியின் உலோகப் பெட்டியை எக்காரணங் கொண்டும் வீட்டில் திறத்தல் ஆகாது. உள்ளிருக்கும் பெரிய கொள்ளளவிகள் 325 வோல்ற்றையும் அதற்கு மேற்பட்டதையும் தேக்கி வைத்திருக்கும். பிளக்கைக் கழற்றிய பின்னும் அம்மின்னேற்றம் எஞ்சி நின்று உயிரைப் போக்க வல்லது. அறிவார்வம் மிக்க மாணவரே இதில் முதலில் அகப்படுவர். மின்வழங்கியை மாற்றலாம்; பிள்ளையை மாற்ற இயலுமா?

புதிது வாங்கும்போது மேலே பெரிதாக எழுதப்பட்ட வாற்று எண்ணை மாத்திரம் கண்டு மயங்காதீர். பக்கத்திலுள்ள அட்டவணையில் 12 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 500 வாற்று என எழுதியிருந்தும் 12 வோல்ற்றுக்கு 14 அம்பியரே கொடுக்கப்பட்டிருப்பின், பெருக்கினால் கிடைப்பது 168 வாற்று. இக்காலக் கணினி பெரும்பாலும் 12 வோல்ற்றையே உண்கிறது. மலிவான மின்வழங்கி சாகும்போது தனியே சாகாமல், தாய்ப்பலகையையும் வன்தட்டையும் உடன் அழைத்துச் செல்லுதலும் உண்டு.

சித்திரை, ஐப்பசி ஆகிய இருகாலப் பருவமழை இடைவெளிகளில் எம் நாட்டில் இடி மின்னல் மிகுதி. அந்நாட்களில் ஆளியை அணைப்பது மாத்திரம் போதாது. பிளக்கையும் இணைய வடத்தையும் கழற்றிவிடுக. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். மின்சாரம் போனவுடன் பிளக்கைக் கழற்றி, அது மீண்டு வந்து சில நிமிடங்கள் நிலைத்தபின் செருகும் வழக்கம், மின்வெட்டு ஒழிந்த காலத்திலும் கைவிடத்தக்கதன்று.

திருத்துநரிடம் செல்லும்போது, "அளந்து காட்டுங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். தொழிலறிந்தவர் மகிழ்ந்து காட்டுவார். அளவாமலே தீர்ப்புக் கூறுபவரிடமிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கணினி நலமாயிருக்கும் இன்றே பிள்ளைகளின் குறிப்புகளை வேறொரு தட்டிலும் படியெடுத்து வையுங்கள்.