பெண் பச்சோந்திக்கு வேண்டியது மண்

சேவல் இல்லாவிடினும் பெட்டைக் கோழி முட்டையிடும் என்பது கோழி வளர்ப்போர் அனைவரும் அறிந்த செய்தி. இதே இயல்பு வேறு சில பிராணிகளுக்கும் உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏமன் நாட்டிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியிலும் வாழும் முக்காட்டுப் பச்சோந்தி அத்தகைய பிராணியாகும். தலையில் உயர்ந்த கொண்டையை உடைய இப்பச்சோந்தி, இன்று உலகின் பல நாடுகளில் கூண்டுகளில் வளர்க்கப்படுகிறது. இதன் பெண், ஆணின் முகத்தையே காணாமல் வளர்ந்தாலும், பிறந்த ஆறு மாதங்களுக்குள்ளாகவே முட்டைகளைச் சுமக்கத் தொடங்கிவிடக் கூடும். இதை அறியாத வீடுகளில், நேற்று வரை நன்றாக இருந்த பிராணி இன்று கண் மூடிக் கிடப்பதும், சில நாட்களில் மடிவதும் நேருகின்றன.

இவ்வாறு முட்டை வயிற்றிலேயே தங்கிவிடுவதை ஒரு நோயென்றும், விதியின் செயலென்றும் கருதுவோர் உளர். இக்கருத்து பொருத்தமுடையதன்று. பெரும்பாலான சந்தர்ப்பங்களில் இது வளர்ப்பு முறையின் குறையால் விளைவது. ஆகவே தடுக்கக் கூடியது.

காரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம். பச்சோந்தி தன் வாழ்நாளின் பெரும் பகுதியை மரக்கிளைகளிலேயே கழிப்பது. ஆயினும் முட்டையிடும் காலத்தில் பெண் தரைக்கு இறங்கி, மண்ணில் வளை தோண்டி, அதனுள் முட்டைகளை இட்டு மூடிவிட்டே மீளும். தோண்டுவதற்கு மண் இல்லாத கூண்டில் அது முட்டைகளை இடாமல் அடக்கி வைத்துக்கொள்ளும். இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் சுண்ணாம்புச் சத்தின் குறைவு. முட்டை ஓடு உருவாவதற்கு மட்டுமேயன்றி, முட்டைக் குழாயின் தசைகள் சுருங்கி முட்டையை வெளியே தள்ளுவதற்கும் இரத்தத்தில் போதிய சுண்ணாம்புச் சத்து தேவை. கூண்டுப் பிராணிகளுக்கு உணவாகத் தரப்படும் சுவர்க்கோழிப் பூச்சிகளில் இச்சத்து மிகக் குறைவு. சுண்ணாம்புத் தூளைப் பூச்சிகளின் மீது தூவித் தந்தாலும், அதை உடல் ஏற்க வைட்டமின் ‘டி’ வேண்டும். அந்த வைட்டமின் தோலில் உண்டாவதற்குப் புற ஊதாக் கதிர்கள் வேண்டும். சாதாரண ஜன்னல் கண்ணாடி இக்கதிர்களைத் தடுத்துவிடுவதால், கண்ணாடி வழியே விழும் வெயில் இதற்குப் பயன்படாது. நேரான வெயிலோ, அதற்கென அமைந்த விளக்கோ இன்றியமையாதது.

மூன்றாவது காரணம் பலருக்கு வியப்பளிக்கும். அது மிகுதியான உணவு. பாலை சூழ்ந்த நாட்டில் மழைக்குப் பின்னரே பூச்சிகள் பெருகும். மற்றைய மாதங்களில் உணவு அருகியே கிடைக்கும். கூண்டிலோ ஆண்டு முழுவதும் மழைக்காலச் செழிப்பே நிலவுகிறது. அச்செழிப்பைக் கண்ட உடல் மேன்மேலும் முட்டைகளை உருவாக்குகிறது. ஒரே ஈட்டில் 60, 70 முட்டைகளைச் சுமக்கும் பெண்ணின் எலும்பும் தசையும் விரைவில் நலிவடைகின்றன.

இக்காரணங்களை அறிந்தால், பரிகாரமும் எளிதே. ஓர் அடி ஆழமுள்ள தொட்டியில் ஈர மணலும் மண்ணும் கலந்து இட்டு, பெண் வளர்ந்த நாள் முதல் அதைக் கூண்டில் வைத்திருக்க வேண்டும். தோண்டும் வளை இடிந்து விழாத அளவுக்கு ஈரம் இருத்தல் நலம். பெண் தோண்டும்போது எட்டி நின்று பார்ப்பதும் தவறு. மனிதர் பார்ப்பதை உணர்ந்தால் அது வேலையைக் கைவிட்டுவிடக் கூடும். வளர்ந்த பெண்ணுக்கு நாள்தோறும் வயிறு நிறைய ஊட்டாமல், ஒரு நாள் விட்டு ஒரு நாள் அளவாக ஊட்டலாம். வெயில் காயும் இடத்தின் வெப்பத்தையும் 27, 28 டிகிரி சென்டிகிரேடு அளவில் நிறுத்தலாம். அனுபவமிக்க வளர்ப்போர் இவ்வாறு செய்து முட்டைகளின் தொகையைக் குறைத்துள்ளனர். பச்சோந்தி தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலும் அறிந்து குடிப்பதில்லை. இலைகளில் துளித்து நிற்கும் நீரையே நக்கும். ஆதலின் இலைகளை நாள்தோறும் நனைப்பதும் அவசியம்.

அளவாக உணவளிப்பது பிராணியைப் பட்டினி போடுவதாகாதா என்று சிலர் வினவலாம். அன்பின் அளவை உணவின் அளவால் கணிப்பது மனித வழக்கம். பச்சோந்தியின் உடல் அவ்வழக்கத்தை அறியாது. மெலிவு தோன்றாதபடி எடையைக் குறித்துவரும் வளர்ப்போருக்கு இந்த ஐயம் எழ இடமில்லை.

பிராணி நிலைகொள்ளாமல் அலைவதும், தரையைச் சுரண்டுவதும், உணவை மறுப்பதும் முட்டையிடும் காலம் நெருங்கியதைக் காட்டும். பகலில் கண்களை மூடிக்கொள்வதும், கண்கள் குழி விழுவதும், கிளையை விட்டுத் தரையிலேயே கிடப்பதும் ஆபத்தின் அறிகுறிகள். அப்போது வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்துவது கூடாது. எக்ஸ்-ரே படத்தால் நிலைமையை அறிந்து, மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ மருத்துவர் காக்க முயல்வார். எனினும் சிறிய உடலில் செய்யும் அறுவை எளிதன்று. ஒரு தொட்டி மண்ணால் முடியும் காரியத்தைக் கத்தியின் முனைக்கு விட்டுவைப்பது அறிவுடைமையாகாது.

இந்தியருக்கு இங்கு மற்றொரு கடமையும் உண்டு. தீபகற்பப் பகுதியில் வாழும் நம் நாட்டுப் பச்சோந்தியும் மண்ணில் தோண்டி முட்டையிடும் இனமே. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைக் காக்கிறது. இதைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது குற்றமாகும். முட்டை சுமந்து தரைக்கு இறங்கி வரும் பெண்ணைக் கண்டால், அதை எடுத்து வராமல் தன் வழியே செல்ல விடுவதே உதவி. அயல்நாட்டு இனங்களைப் பொறுத்தவரை, 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சர்வதேச வாணிப உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள பிராணிகளை வைத்திருப்போர் அதைப் பதிவு செய்ய வேண்டும். முக்காட்டுப் பச்சோந்தியும் அப்பட்டியலில் அடங்கும்.

பதிவுச் சீட்டு சட்டத்துக்கு ஈடு செய்யும். பிராணியின் தேவைக்கு ஈடு செய்யாது. ஆகவே பெண் பச்சோந்தியை விற்போர், முட்டையிடும் தொட்டியைப் பற்றிய குறிப்பைத் தாய்மொழியில் அச்சிட்டு உடன் தருவதை வழக்கமாக்க வேண்டும். கால்நடை மருத்துவக் கல்லூரிகள், ஊர்வனவற்றின் மருத்துவத்துக்குப் பாடத்திட்டத்தில் மேலும் இடம் அளிக்க வேண்டும். இவற்றை நிறைவேற்ற இயலாத வீடு, பெண் பச்சோந்தியை வாங்காதிருப்பதே நேர்மையான முடிவாகும்.