இறந்தவரை ஜெயிக்க வைத்த கம்ப்யூட்டர்

போன வருடம் அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன். கூடைப்பந்து பற்றி எனக்கு இருக்கும் கொஞ்சநஞ்ச ஞானமும் அங்கே பேரனிடம் கற்றதுதான். ஒருநாள் மாலை அவன் கம்ப்யூட்டரில் ஒரு விசித்திரமான ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் 1996இல் கோப்பை வென்ற சிகாகோ புல்ஸ், எதிர்ப்பக்கம் 2017இல் கோப்பை வென்ற கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். நிஜத்தில் ஒருநாளும் மோதியிருக்க முடியாத இரண்டு அணிகள். வாரியர்ஸ் ஜெயித்தது.

"பாத்தீங்களா தாத்தா, ஜோர்டான் எல்லாம் இந்தக் காலத்துல நிக்கவே முடியாது" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. மைக்கேல் ஜோர்டான் எனக்குச் சொந்தமா பந்தமா? ஆனாலும் 'அந்தக் காலத்து ஆள்' என்ற வரிசையில் நானும் நிற்கிறேன் அல்லவா!

"இன்னொரு தடவை போடு" என்றேன். போட்டான். இம்முறை புல்ஸ் ஜெயித்தது. அவன் சிரித்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். நான்தான் அன்றிலிருந்து இதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த மாதிரிக் கற்பனை மோதல்கள் எப்படி நடக்கின்றன? ஒவ்வொரு ஆட்டக்காரரும் நூற்றுக்கு எத்தனை பந்து கூடையில் போட்டார், எத்தனை ரீபவுண்ட் பிடித்தார், எத்தனை முறை பந்தைக் கோட்டைவிட்டார் என்ற கணக்கை உள்ளே கொடுக்கிறார்கள். அதை வைத்துக் கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் தாயம் உருட்டுகிற மாதிரி உருட்டுகிறது. ஆயிரம் தடவை உருட்டி, அறுநூறு தடவை இவர்கள் ஜெயித்தார்கள் என்று சொன்னால் அதில் ஓரளவு அர்த்தம் உண்டு. ஒரே ஒரு தடவை உருட்டிவிட்டுத் தீர்ப்பு சொல்வது தாயக்கட்டையை நீதிபதி ஆக்குவதுதான்.

ஆனால் ஆயிரம் தடவை உருட்டினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. எந்த வருடத்துச் சட்டப்படி ஆடுவது?

மூன்று புள்ளிக் கோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க என்.பி.ஏ. போட்டிகளில் அது வந்தது 1979-80இல். மூலைப் பக்கம் தவிர மற்ற இடங்களில் 23 அடி 9 அங்குலம். ஸ்கோர் ஏறட்டும் என்று 1994இல் அந்தக் கோட்டை எல்லா இடத்திலும் 22 அடிக்குக் கிட்டே கொண்டுவந்தார்கள். மூன்று சீசன் கழித்துப் பழையபடி தள்ளி வைத்தார்கள். 72 வெற்றி, 10 தோல்வி என்று புல்ஸ் சாதனை படைத்த 1995-96 சீசன், இந்தக் கிட்டக் கோடு இருந்த காலம். அந்த வருடம் ஜோர்டான் அங்கிருந்து எறிந்ததில் நூற்றுக்கு 42.7 உள்ளே போனது. கோடு தள்ளிப்போன 1997-98இல் அதே ஜோர்டானுக்கு 23.8தான். இதில் எந்த எண்ணைக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது? முதல் எண்ணைக் கொடுத்தால் வாரியர்ஸுக்கு அநியாயம், இரண்டாவதைக் கொடுத்தால் புல்ஸுக்கு அநியாயம்.

புல்ஸ் காலத்தில் ஆளுக்கு ஆள் காவல் காக்க வேண்டும். இடத்தைக் காக்கும் 'ஸோன்' தடுப்பு 2001இல்தான் அனுமதிக்கப்பட்டது. பந்து வைத்திருப்பவர் மேல் கையை வைத்துத் தடுப்பதை 2004இலிருந்து இன்னும் கடுமையாகக் கண்டிக்க ஆரம்பித்தார்கள். ஸ்டீஃபன் கரி ஓடி வளர்ந்த மைதானமும் ஸ்காட்டி பிப்பன் காவல் காத்த மைதானமும் அளவில்தான் ஒன்று.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாரியர்ஸின் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், 1996 புல்ஸ் அணியில் ஆடியவர். நிஜமாகவே இந்த மோதல் நடந்தால் மனிதர் எந்தப் பக்கம் உட்காருவார்?

இன்னும் பின்னால் போனால் நிலைமை மோசம். பில் ரஸ்ஸல் 13 சீசன்களில் 11 முறை பாஸ்டன் செல்டிக்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர். எதிராளி எறியும் பந்தைத் தட்டிவிடுவதுதான் அவருடைய பெரிய வித்தை. ஆனால் என்.பி.ஏ. அந்தக் கணக்கை எழுத ஆரம்பித்ததே 1973-74இல். ரஸ்ஸல் ஓய்வு பெற்றது 1969இல். அவர் எதில் மன்னரோ அந்தப் பத்தியே ஏட்டில் கிடையாது. ஏட்டில் இல்லாததைக் கம்ப்யூட்டர் எங்கிருந்து எடுக்கும்?

இந்த ஆசை புதிதும் அல்ல. முகமது அலியை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டோம். 1980இல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிக் குத்துச்சண்டை போட்ட அதே அலிதான். அவரையும், 49 சண்டையில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவையும் 1969இல் மோத விடுவதாகப் படம் பிடித்தார்கள். முடிவையும் பல விதமாக எடுத்து வைத்துக்கொண்டு, யார் ஜெயிப்பார் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லும் என்று அறிவித்தார்கள். 1970 ஜனவரியில் அமெரிக்கத் தியேட்டர்களில் படம் ஓடியது. 13ஆவது ரவுண்டில் மார்சியானோ ஜெயித்தார். ஆனால் அந்த வெற்றியைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. முந்தைய ஆகஸ்டிலேயே விமான விபத்தில் போய்விட்டார்.

சரி, கணக்கு முழுசாக இருந்தால் போதுமா? 2015-16இல் இதே வாரியர்ஸ் 73 ஆட்டம் ஜெயித்து புல்ஸின் சாதனையை முறியடித்தது. இறுதித் தொடரில் கிளீவ்லண்டுக்கு எதிராக 3-1 என்று முன்னிலை. அதுவரை எந்த அணியும் இறுதித் தொடரில் அந்த நிலைமையிலிருந்து மீண்டதில்லை. காகிதத்தை மட்டும் பார்த்தால் கதை முடிந்தது. ஆனால் ஐந்தாவது ஆட்டத்தில் டிரேமண்ட் கிரீனுக்கு ஆடத் தடை. அதே ஆட்டத்தில் ஆண்ட்ரூ போகட்டுக்குக் காலில் அடி. கடைசியில் கோப்பை கிளீவ்லண்டுக்கு. சராசரிக் கணக்குக்குள் கோபம் அடங்காது, முழங்கால் அடங்காது.

இதையெல்லாம் படித்துவிட்டு, 'அப்படிச் சொல்லுங்க, அந்தக் காலம் அந்தக் காலம்தான்' என்று யாரும் கைதட்ட வேண்டாம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பேரேடு முழுக்கக் கையால் கூட்டுவோம். பைசா தவறாது. பிறகு வந்த பையன்களுக்கு மெஷின் இல்லாமல் ஒரு பக்கம் கூட்டத் தெரியாது என்று நாங்கள் சிரித்தோம். அவர்கள் ஒரு மணி நேரத்தில் முடித்ததை நாங்கள் ஒரு வாரம் செய்தோம் என்பதை மட்டும் வசதியாக மறந்துவிட்டோம். நாங்களும் அவர்களை எங்கள் சட்டப்படிதான் ஆடவைத்தோம். பேரன் ஜோர்டானுக்குச் செய்ததும் அதேதான்.

என் கட்சி இதுதான். இந்தக் கற்பனை மோதல்கள் இருக்கட்டும். பொழுது போகும், பழைய பெயர்களைப் பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். ஆனால் ஒரு ஆட்டம் 1996 சட்டப்படி, ஒரு ஆட்டம் 2017 சட்டப்படி என்று மாற்றி மாற்றி ஆடட்டும். யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, எந்தச் சட்டத்தில் யார் திணறினார்கள் என்று பார்த்தால் இரண்டு தலைமுறையும் எதை எதிர்த்து ஆடியது என்பது புரியும். ஒருவரின் பெருமை அவர் எதிரில் நின்றவர்களை வைத்துத்தான். அந்த எதிராளிகளை விட்டுவிட்டு அவரை மட்டும் பிடுங்கி வேறு காலத்தில் நட்டு, வாடிவிட்டார் என்று சொல்வது நியாயம் இல்லை.

போன வாரம் பேரனிடம் போனில் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, "தாத்தா, ரஸ்ஸல் ஆடின பழைய வீடியோ ஏதாவது கிடைக்குதான்னு தேடிப் பாக்கறேன்" என்றான். எனக்கு அது போதும்.